பெங்களூரின் மாதா கோயில்கள் – 17: காகிதத்தில் எழுந்த பீடங்கள்

சென்ற பகுதியில் சிவாஜிநகர் ஆரோக்கிய மாதா கோயிலின் வாசலோடு நிறுத்திக்கொண்டோம். செஞ்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூரைக் கொட்டகையில் தொடங்கியபோது அதன் பெயர் காணிக்கை மாதா கோயில்; பிறகு கிளைனர் சாமியார் காலத்தில் அது கூர்வளைவுகளும் 160 அடிக் கோபுரமுமாக எழுந்தது. 1882 செப்டம்பர் 8 அன்று ஆயர் கொவாது அதை அர்ச்சித்ததுவரை பார்த்தோம்.

இனி உள்ளே போக வேண்டும். உள்ளே போனால் கண் நேராகப் பீடத்துக்குத்தான் போகிறது, போகும்படிதான் கட்டியிருக்கிறார்கள். எந்தக் கண் எங்கே போக வேண்டும், எங்கே நின்று எதைக் கும்பிட வேண்டும் என்பதை ஒரு காகிதத்தில் முன்கூட்டியே வரைந்து தீர்மானிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் உச்சத்துக்குப் போனது. பரோக் என்று நாம் சொல்லும் காலம் அது. பெங்களூர்க் கண்டோன்மென்ட் கோயில்கள் அதற்கு வெகுநாள் கழித்து, கோத்திக் மோகத்தில் எழுந்தவை. தங்கமுலாம் பூசிய பழைய பரோக் பீடத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர் கோவாவுக்குத்தான் ரயிலேற வேண்டும். ஆனாலும் இந்தத் தொடரில் பரோக் பீடத்துக்கு ஒரு முழுப் பகுதி ஒதுக்கக் காரணம் இருக்கிறது. அந்தப் பீடம் இந்தியாவுக்கு இனி வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி 1967க்கும் 1971க்கும் இடையே பெங்களூரில்தான் சூடாகக் கிளம்பியது. அதன் நடுவில் ஒரே வீட்டில் பிறந்த தமிழர்கள் இருவர் இருந்தார்கள். அவர்களிடம் வருவதற்கு முன் ஒரு சுற்று வெளியே போய்வருவோம்.

திரெந்து நகரில் 1545இல் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கம் பதினெட்டு ஆண்டுகள் விட்டுவிட்டு நடந்தது. வடக்கே சீர்திருத்தக்காரர்கள் கோயில்களுக்குள் புகுந்து சுரூபங்களை உடைத்துக்கொண்டிருந்த நேரம். சங்கம் கலைவதற்கு முந்தின நாள், 1563 டிசம்பர் 3 அன்று, படங்களையும் சுரூபங்களையும் பற்றிய தீர்மானம் நிறைவேறியது. படங்கள் எழுத்தறியாதவர்களுக்கு விசுவாசத்தைக் கற்றுக்கொடுக்கின்றன, ஆகவே இருக்கட்டும் என்றது அது. கூடவே ஒரு கடிவாளமும் போட்டது: வழக்கத்தில் இல்லாத புதுப் படம் எதையும் ஆயரின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கோயிலிலும் வைக்கக் கூடாது.

இந்தக் கடிவாளம் தச்சர், கொத்தர், சிற்பிகள் பிழைப்பை நேராகத் தொட்டது. ஒப்புதல் வாங்க வேண்டுமென்றால் வேலை தொடங்குமுன் எதையாவது காட்டியாக வேண்டும். அதுவரை பட்டறைக்குள் கிடந்த வரைபடம் மேசைக்கு வந்தது. 1577இல் மிலான் பேராயர் கார்லோ பொரோமேயோ கோயில் கட்டுவதற்கும் அதன் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் ஒரு கையேடே வெளியிட்டார். பீடத்துக்கு எத்தனை படி, நற்கருணைப் பேழை எங்கே என்பதெல்லாம் அதில் உண்டு. முன்பு பல ஊர்களில் பக்கச் சுவரின் மாடத்தில் இருந்த நற்கருணை, இனி நடுநாயகமாகப் பெரிய பீடத்தின்மேல் இருக்க வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. அப்பத்தில் ஆண்டவர் உண்மையாகவே இருக்கிறாரா என்று வடக்கே சண்டை நடந்துகொண்டிருந்தபோது, இந்த இடமாற்றம் ஒரு பதில்.

அந்தக் கால வரைபடம் ஒன்றை எப்படிப் படிப்பது? பெரும்பாலும் பழுப்பு மையில் இழுத்த கோடுகள். சலவைக்கல் வரவேண்டிய இடத்தில் இளஞ்சிவப்போ சாம்பலோ நீர்த்த வண்ணம். பொன்முலாம் வரவேண்டிய இடத்தில் மஞ்சள். அடியில் ஓர் அளவுகோல். முதன்முதலாகப் பார்ப்பவரைக் குழப்புவது ஒன்று உண்டு: பல வரைபடங்களில் இடப்பாதியும் வலப்பாதியும் பொருந்தாது. இடப்பக்கம் நேரான தூண், வலப்பக்கம் முறுக்குத் தூண். இடப்பக்கம் நிற்கும் புனிதர், வலப்பக்கம் மண்டியிடும் சம்மனசு. வரைந்தவர் தவறு செய்யவில்லை. ஒரே தாளில் இரண்டு யோசனைகளைக் காட்டி, பணம் கொடுப்பவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார். தேர்ந்தெடுத்ததும் இரு தரப்பும் அந்தத் தாளிலேயே கையெழுத்துப் போட்டு அதை ஒப்பந்தமாக வைத்துக்கொள்வதும் உண்டு. வேலை முடிந்தபின் ஒரு சம்மனசு குறைந்தாலும் தாளை விரித்துக் கேள்வி கேட்கலாம். ரோம் நகரத்துக் கோயில் நிர்வாகிகளும் நம்மூர் மணியக்காரர்களைப்போல் கணக்கில் கெட்டிதான்.

பீட வரைபடத்தைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். அடியில் படிகள். அதன்மேல் பலிபீடம். பல வரைபடங்களில் அது பக்கம் உப்பிய கல்லறைப் பெட்டி வடிவில் இருக்கும். ஆதிக் கிறிஸ்தவர்கள் வேதசாட்சிகளின் கல்லறைமேல் பூசை வைத்தார்கள் என்ற நினைவு அது. பீடக் கல்லுக்குள் புனிதரின் எலும்புத் துணுக்கு வைப்பதும் அதனால்தான். அதன்மேல் நற்கருணைப் பேழை. அதன் சின்னக் கதவில் பெலிக்கன் பறவை தன் நெஞ்சைக் கொத்தி, வழியும் ரத்தத்தைக் குஞ்சுகளுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும். பெலிக்கன் அப்படிச் செய்வதில்லை என்பது இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் தன் ரத்தத்தையே உணவாகத் தந்தவர் இந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார் என்று சொல்ல இதைவிடச் சுருக்கமான படம் கிடைக்காது. பெலிக்கன் இல்லாத இடத்தில் ஏழு முத்திரையிட்ட புத்தகத்தின்மேல் படுத்த செம்மறிக்குட்டி இருக்கும். அது திருவெளிப்பாட்டிலிருந்து வந்தது.

அடுத்து தூண்கள். பரோக் என்றாலே நினைவுக்கு வரும் முறுக்குத் தூண் எருசலேமில் சாலமோன் கட்டிய ஆலயத்துத் தூண் என்று நம்பப்பட்டது. ரோமின் பழைய ராயப்பர் கோயிலில் அப்படிப்பட்ட கல்தூண்கள் இருந்தன. அவற்றைப் பார்த்துத்தான் பெர்னினி 1624 முதல் 1633 வரை வேலைசெய்து வத்திக்கானின் வெண்கல விதானத்தை முறுக்குத் தூண்களில் நிறுத்தினார். மற்றவர்கள் அந்த முறுக்கில் திராட்சைக் கொடியை ஏறவிட்டார்கள். பழைய ஏற்பாட்டு ஆலயமும் புதிய ஏற்பாட்டுத் திராட்சை ரசமும் ஒரே தூணில் சுற்றிக்கொண்டன.

தூண்களுக்கு நடுவே புனிதர். கையில் இருப்பதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்: சாவி என்றால் ராயப்பர், வாள் என்றால் சின்னப்பர், பல் பதித்த சக்கரம் என்றால் கத்தரீனம்மாள், இரும்புக் கட்டில் என்றால் லௌரேஞ்சியார். வேலைப் பார்த்து முருகனையும் சங்கு சக்கரத்தைப் பார்த்துப் பெருமாளையும் அறிகிற ஊர்க்காரர்களுக்கு இந்தப் பாடத்தில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. பரோக் கலை நம்மவர்களுக்கு அந்நியம் என்று பிற்காலத்தில் சொன்னவர்கள் இதைச் சரியாக எண்ணிப்பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

புனிதரின் தலைக்குமேல் ஒரு முகப்பு வளைவு இருக்கும். வளைவு முழுதாகச் சேராது, நடுவில் உடைத்துவிட்டிருப்பார்கள். உடைந்த அந்த வாய் வழியாக மேகம், சம்மனசுக் கூட்டம், பொன் கதிர்கள், புறா வடிவில் பரிசுத்த ஆவி எல்லாம் கொட்டும். அதற்கும் மேலே, கையில் உலக உருண்டையோடு பிதா. அல்லது ஒரு முக்கோணம், முக்கோணத்துக்குள் ஒரு கண். கல்லறையில் தொடங்கி வானத்தில் முடிகிறது ஏற்றம். பூசையில் குருவானவர் அப்பத்தை உயர்த்தும்போது மக்களின் பார்வையும் அதே கோட்டில் ஏற வேண்டும். வரைபடத்தின் நடுவே இழுத்த செங்குத்துக் கோடு அதற்காகத்தான்.

இந்தக் கலையை உலகம் முழுக்க அனுப்பிவைத்தவர் அந்திரேயா பொத்சோ. 1642இல் திரெந்து நகரிலேயே பிறந்தவர்; இயேசு சபையில் குருப்பட்டம் பெறாத சகோதரராகவே கடைசிவரை இருந்தவர். பிராஸ்காத்தி ஊர்க் கோயிலில் அவர் தூணும் வளைவுமாக ஒரு பெரிய பீடத்தைத் தட்டைச் சுவரில் வண்ணத்தாலேயே எழுப்பிக் காட்டினார். கல்லுக்குக் காசில்லாத பங்குக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. 1695இல் ரோம் ஜேசு கோயிலில், இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாருக்குப் பீடம் எழுப்பும் வேலை அவருக்குக் கிடைத்தது. நீலக் கல் பொதிந்த நான்கு தூண்கள், உச்சியில் திரித்துவம், நடுவில் சிற்பி லெ குரோ செய்த வெள்ளி இஞ்ஞாசியார். நான்கு ஆண்டில் முடித்தார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து, நெப்போலியனுக்குக் கட்ட வேண்டிய தண்டத்துக்காகப் பாப்பரசர் 6ஆம் பத்திநாதர் அந்த வெள்ளியை உருக்கிவிட்டார் என்பது தனிக்கதை.

நமக்கு முக்கியம் அவருடைய புத்தகம். ஓவியர்களுக்கும் கட்டடக்காரர்களுக்குமான தூரக்காட்சிக் கலை பற்றிய அந்த நூலின் முதல் பாகம் 1693இலும் இரண்டாம் பாகம் 1700இலும் ரோமில் அச்சாகின. இரண்டாம் பாகத்தில் பீட வரைபடங்கள் வரிசையாக வருகின்றன. இஞ்ஞாசியார் பீடமும் உண்டு. 1707இல் லண்டனில் ஆங்கிலம். 1729இல் நியன் சீயாவ் என்ற அதிகாரி அதைத் தழுவிச் சீன மொழியிலேயே நூல் செய்தார். சலவைக்கல்லைக் கப்பலில் ஏற்றக் கொழுத்த பணம் வேண்டும். அச்சடித்த தாளுக்கு அது வேண்டியதில்லை. உள்ளூர் மரம், உள்ளூர் உளி, ரோமாபுரிக் கோடு. உலகத்தின் பாதிப் பீடங்கள் அப்படித்தான் எழுந்தன.

கோவாவுக்கு வருவோம். பொம் ஜேசு கோயிலுக்கு 1594இல் கல் நட்டு 1605இல் அர்ச்சித்தார்கள். அதன் பெரிய பீடம் மேலே நான் சொன்ன ஏற்றத்தை அப்படியே காட்டுகிறது. கீழே சிறிய குழந்தை இயேசு. அதன்மேல் ஆளுயரத்தை மிஞ்சிய இஞ்ஞாசியார், முகத்தை அண்ணாந்து வைத்திருக்கிறார். அவர் பார்க்கும் இடத்தில் கதிர் வீசும் சூரியவட்டத்துக்குள் ஐ.எச்.எஸ்., இயேசு சபையின் முத்திரை. அதற்கும் மேலே திரித்துவம். இரு பக்கமும் முறுக்குத் தூண்கள், கண்கூசும் பொன். கீழே நிற்பவர் இஞ்ஞாசியாரைப் பார்க்கிறார், இஞ்ஞாசியார் முத்திரையைப் பார்க்கிறார். பார்வையைக் கைமாற்றிவிடும் தந்திரம். இதை ஒரு சாமியார் மணிக்கணக்காகப் பிரசங்கித்தாலும் இத்தனை சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அதே கோயிலில் சவேரியாரின் உடல் தங்கியிருக்கும் அடித்தளத்தைச் செய்தவர் பிளாரன்சு நகரத்து பொஜ்ஜீனி. தொசுக்கானா கோமகன் 3ஆம் கோசிமோவின் கொடை அது. சவேரியார் தலைக்கு வைத்திருந்த தலையணை கோசிமோவுக்குப் போனது. பதிலுக்குச் சலவைக்கல்லும் வெண்கலத் தகடுகளும் வந்தன. துண்டு துண்டாகக் கப்பலேறி வந்ததைப் பூட்ட இத்தாலியிலிருந்து பிளாச்சிதோ ரம்போனி என்ற சிற்பியும் கூடவே வந்தார். 1698இல் வேலை முடிந்தது.

ஆனால் கோவாவின் மரப்பீடங்களைச் செதுக்கியவர்கள் பிளாரன்சிலிருந்து வரவில்லை. இந்து ஆசாரிகள் கிறிஸ்தவ உருவங்களைச் செய்யக் கூடாது என்று 16ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபை தடைபோட்டது. தடை போட வேண்டிவந்தது என்றாலே அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள் என்றுதான் பொருள். கோவாவின் சில பிரசங்கத் தொட்டிகளை அடியில் தாங்கி நிற்பவர்கள் ஐரோப்பியச் சம்மனசுகள் இல்லை. இடுப்புக்குக் கீழே பாம்பாக நெளியும் நாகினிகள். வரைபடத்தில் கோடு போட்டவர் என்ன நினைத்தாரோ, உளி பிடித்தவருக்குப் பாரம் தாங்கத் தெரிந்தது நாகினிதான்.

தமிழ்நாட்டில் இந்தக் கதை இன்னொரு திசையில் போனது. வீரமாமுனிவர் என்ற பெஸ்கி 1680இல் இத்தாலியில் பிறந்து, பொத்சோவின் கை ஓங்கியிருந்த ஆண்டுகளில் இயேசு சபையில் சேர்ந்து படித்தவர். கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எடுத்தபோது, மாதாவைத் தமிழ்ப் பெண்ணாக வரைந்து அந்தப் படத்தை மணிலாவுக்கு அனுப்பிச் சுரூபம் செய்வித்தார் என்பது ஊர் மரபு. மரபு சொல்வது சரியென்றால், ரோமிலிருந்து நம் பக்கம் வந்துகொண்டிருந்த வரைபடங்களுக்கு எதிர்த்திசையில் விருத்தாசலம் பக்கத்திலிருந்து ஒன்று கடல் தாண்டிப் போயிருக்கிறது. தேம்பாவணியில் சூசையப்பரைத் தமிழ்க் காப்பியத் தலைவனாக்கியவர் பீடத்திலும் அதையே செய்தார் என்பதில் வியப்பில்லை.

1773இல் பாப்பரசர் இயேசு சபையைக் கலைத்தார். மைசூர்ப் பக்கத்துச் சபையும் பிரெஞ்சு வேதபோதகர்கள் கைக்கு வந்தது. துபுவா சாமியார் காலத்தைத் தொடரின் 9ஆம் பகுதியில் பார்த்துவிட்டோம். 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர்களுக்குப் பரோக் என்றால் ஆடம்பரம்; கோத்திக் என்றால் பக்தி. பெங்களூருக்கு வந்த வரைபடங்களும் அப்படியே வந்தன. முறுக்குத் தூண் போய்க் கூர்வளைவு வந்தது. ஆனால் பீடம் சுவரோடு ஒட்டியே நின்றது. குருவானவர் மக்களுக்கு முதுகைக் காட்டி லத்தீனில்தான் பூசை வைத்தார். உடுப்பு மாறியதே தவிர எலும்புக்கூடு திரெந்துக் காலத்ததுதான். மக்கள் தம் பங்குக்கு ஒன்று செய்தார்கள்: ஆரோக்கிய மாதாவுக்குச் சேலை உடுத்தினார்கள். அதற்கு யாரும் வரைபடம் போடவில்லை, யாரிடமும் ஒப்புதல் கேட்கவுமில்லை. இன்றும் கோத்திக் கோயிலுக்குள் சேலை கட்டிய மாதா.

திரெந்துச் சங்கம் கலைந்தது 1563 டிசம்பர் 4. சரியாக 400 ஆண்டுகள் கழித்து, 1963 டிசம்பர் 4 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய தன் சாசனத்தை வெளியிட்டது. மறு ஆண்டு செப்டம்பரில் வந்த நடைமுறை ஆணை, பெரிய பீடத்தைச் சுவரிலிருந்து பிரித்து, சுற்றி நடக்கவும் மக்களைப் பார்த்துப் பூசை வைக்கவும் தோதாக அமைப்பது நல்லது என்றது. பரோக் வரைபடத்தின் செங்குத்துக் கோட்டுக்கு விழுந்த அடி இது. சுவரோடு ஒட்டாத பீடத்துக்குப் பின்னால் அந்த ஏற்றத்தை எங்கே நிறுத்துவது? உலகமெங்கும் பழைய பீடங்களுக்கு முன்னால் ஒரு மேசை வந்தது. சில ஊர்களில் பழையதைப் பெயர்த்தே எறிந்தார்கள்.

இந்தியாவில் என்ன செய்வது என்ற கேள்வி பெங்களூருக்கு வந்தது. புதுவை மறைமாவட்டக் கல்லேரியில் பிறந்த அண்ணன் தம்பி இருவர் இங்கே இதில் இறங்கினார்கள். அண்ணன் து.சை. லூர்துசாமி, 1924இல் பிறந்தவர். 1968 முதல் 1971 வரை பெங்களூர்ப் பேராயர், ஆயர் பேரவையின் வழிபாட்டுப் பணிக்குழுவுக்கும் தலைவர். தம்பி து.சை. அமலோர்பவதாஸ், 1932இல் பிறந்தவர். 1967இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தைத் தொடங்கியவர். என்.பி.சி.எல்.சி. என்றால்தான் பெங்களூர்க் கத்தோலிக்கர்களுக்குத் தெரியும். 1969 ஏப்ரல் 25 அன்று ரோம் இந்திய வழிபாட்டுக்கென்று பன்னிரண்டு அம்சங்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. மண்டியிடுவதற்குப் பதில் கைகூப்பி வணங்கலாம். செருப்பைக் கழற்றித் தரையில் உட்காரலாம். முத்தமிடுவதற்குப் பதில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பஞ்சாங்கப் பிரணாமம் செய்யலாம். மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு. பூ, தூபம், ஆரத்தி. அடுத்த மாதமே இன்றைய இந்தியாவில் திருச்சபை என்ற பெரிய கருத்தரங்கும் பெங்களூரில் கூடியது.

பன்னிரண்டையும் வரிசையாகப் படித்தால் ஒன்று புரியும். அவற்றில் பல உடம்பைப் பற்றியவை: எங்கே உட்கார, எப்படி வணங்க, எதைத் தொட. தரையில் உட்கார்ந்தவருக்கு ஆளுயரப் பீடம் பயன்படாது. அவர் கண்மட்டத்துக்கு அது இறங்கியாக வேண்டும். மையத்தின் கோயில் அப்படித்தான் அமைந்தது. வாசலில் செருப்பு. உள்ளே தாழ்ந்த பீடம், குத்துவிளக்கு, தாம்பாளம். சுற்றி உட்கார்ந்த மக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம். சன்னல் கம்பி வேலைப்பாடுகளில் இந்தியக் குறியீடுகள். பெங்களூரை அடுத்த சில்வேபுராவில் வாழ்ந்து பணியாற்றிய ஓவியர் ஜோதி சாகி இந்தத் தேடலில் அமலோர்பவதாசுக்குத் துணைநின்றவர். பரோக் பீடம் பார்வையை மேலே ஏற்றி அனுப்பியது. இந்தப் பீடம் பார்வையை நடுவில் கூட்டி உட்கார்த்தியது. கடவுள் உள்ளே இருக்கிறார் என்பது அமலோர்பவதாஸ் திரும்பத் திரும்பச் சொன்னது. பீடம் தாழ்ந்ததன் இறையியல் அதுதான். எனக்கு அந்த அமைப்பின் தர்க்கம் பிடித்திருக்கிறது; கோணல் ஒன்றும் இல்லை.

எதிர்ப்பும் அப்போதே கிளம்பியது. குருக்களைவிடப் பொதுநிலையினர் அதிகம் கொதித்தார்கள். மையத்தின் கூரைமேல் கலசமா, பூசையில் ஆரத்தியா, நாங்கள் எதைவிட்டு வந்தோமோ அதையே சாமியார்கள் திருப்பிக் கொண்டுவருகிறார்களே என்றார்கள். கலசத்தின்மேல் நடந்த சண்டை பல ஆண்டுகள் நீண்டது. இந்தக் கோபத்தை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தியக் குறியீடு என்று காகிதத்தில் எழுதப்பட்டவை பெரும்பாலும் மேல்சாதிக் கோயில் வழிபாட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. கருவறைப் பக்கமே போகவிடாமல் தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளிடம் அதைக் கொண்டுபோய், இது உங்கள் பண்பாடு என்றால் அவர்கள் முறைக்கத்தான் செய்வார்கள். தலித் கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் பின்னாளில் இதை வெளிப்படையாகவே கேட்டார்கள். ரோமிலிருந்து வந்தாலும் மையம் இருக்கும் ஹட்சின்ஸ் ரோட்டிலிருந்து வந்தாலும் வரைபடம் மேலிருந்துதான் வந்தது.

அதே ஆண்டுகளில், அதே நகரில், இன்னொரு பீடத்துக்குக் கூட்டம் சேர்ந்தது. விவேக்நகரில் 1971இல் கூடாரத்தில் வழிபாடு தொடங்கிய குழந்தை இயேசு கோயில். அந்தக் குழந்தையின் ஊர் பிராகா. மரத்தின்மேல் மெழுகு பூசிய, அரை மீட்டர்கூட உயரமில்லாத ஸ்பானியச் சுரூபம். 1628இல் லொப்கோவிச் குடும்பத்துப் பொலிக்சேனா அம்மையார் அதைக் கார்மேல் சபையாருக்குக் கொடுத்தார். 1631இல் சாக்சனிப் படை புகுந்தபோது கைகள் உடைந்து மூலையில் கிடந்தது. சில ஆண்டுகள் கழித்து சிரில் சாமியார் கண்டெடுத்து மீண்டும் வைத்தார். தலையில் முடி, உடம்பில் சரிகைப் போர்வை, வலக்கை ஆசீர் தருகிறது, இடக்கையில் சிலுவை நட்ட உலக உருண்டை. பரோக் பீடத்தின் உச்சியில் பிதா ஏந்தியிருந்த அதே உருண்டைதான். குழந்தையின் கையில் அடங்கும் அளவுக்குச் சிறுத்திருக்கிறது. அரசனும் குழந்தையும் ஒரே உருவில். பட்டாடை கட்டிப் பார்க்கும் ஆசைக்கும் வழி உண்டு. பாலமுருகனையும் தவழும் கண்ணனையும் அறிந்த ஊரில் இதற்கு உரை எழுத வேண்டியிருக்கவில்லை.

வியாழக்கிழமைகளில் விவேக்நகர் பேருந்து நிறுத்தத்திலிருந்தே மெழுகுவர்த்தி விற்பவர்களின் குரல் தொடங்கிவிடும். தமிழ், கன்னடம், ஆங்கிலம், மலையாளம், கொங்கணி என்று எந்த மொழி பேசுகிறவரும் வருவார். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் நிறையவே வருவார்கள். வேலை வேண்டும், பிள்ளை வேண்டும், வீசா வேண்டும் என்று காகிதத்தில் எழுதி வைக்கிறார்கள். கூட்டம் பெருகப் பெருகப் பழைய இடம் போதாமல், விசிறி வடிவில் புதிய கோயில் எழுந்தது. விசிறி வடிவம் முழுக்க இரண்டாம் வத்திக்கானின் பிள்ளை: எல்லோரும் பீடத்தைச் சுற்றி, எல்லோருக்கும் பீடம் தெரியும்படி. அதற்குள் வீற்றிருக்கும் குழந்தையோ 17ஆம் நூற்றாண்டு பிராகாவின் பிள்ளை. இரண்டும் சண்டையில்லாமல் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. இதை யாரும் கருத்தரங்கு வைத்துத் தீர்மானிக்கவில்லை.

லூர்துசாமி 1971இல் ரோமுக்கு அழைக்கப்பட்டார், 1985இல் கர்தினாலாகி, கீழைத் திருச்சபைகளுக்கான பேராயத்தின் தலைவரானார், 2014இல் காலமானார். அமலோர்பவதாஸ் மைசூருக்குப் போய் 1979இல் அஞ்சலி ஆசிரமத்தைத் தொடங்கினார். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவவியல் துறையையும் நடத்தினார். 1990 மே 25 அன்று சாலை விபத்தில் இறந்தார். அவர் தொடங்கிவைத்த தரையில் அமரும் பூசை ஆசிரமங்களிலும் பயிற்சி மையங்களிலும் நிலைத்தது. பங்குக் கோயில்களுக்குள் அதிகம் நுழையவில்லை. குத்துவிளக்கு மட்டும் எல்லாப் பங்குகளுக்கும் போய்ச்சேர்ந்துவிட்டது. இன்று பெங்களூரில் அது இல்லாத கத்தோலிக்கக் கோயிலைக் காண்பது அரிது. ஏற்றிவைக்கிறவர்களில் பலருக்கு அது 1969இல் ரோம் கையெழுத்துப் போட்ட பட்டியலில் இருந்தது என்பது தெரியாது.

சேலை கட்டிய மாதா பீடத்தைவிட்டு இறங்கித் தேரேறி வரும் செப்டம்பர்த் திருவிழாவை, காவியுடுத்தி நடந்துவரும் கூட்டத்தோடு, அடுத்த பகுதியில் பார்ப்போம்.